தாமதம் யார் கணக்கில்? கட்டட வேலைத் தகராறுகளின் ஒரு சிறு வரலாறு

அடுக்குமாடி வீடு வாங்கிய யாருக்கும் இரண்டு தேதிகள் மறக்காது. ஒன்று, சாவி தருவதாக பில்டர் எழுதிக் கொடுத்த தேதி. மற்றொன்று, சாவி உண்மையில் கைக்கு வந்த தேதி. நடுவில் போன மாதங்களுக்கு வாடகையும் கொடுத்து, இ.எம்.ஐ.யும் கட்டியவர்கள் நம்மில் பலர். ஏன் தாமதம் என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும்: மணல் தட்டுப்பாடு, மழை, ஊருக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை, அனுமதி வரவில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பட்டியல் பதிலாகாது. எந்தக் காரணம் கடைசித் தேதியை எத்தனை நாள் தள்ளியது என்பதுதான் கேள்வி.

குடிவந்த பிறகும் இந்தக் கேள்வி நம்மை விடுவதில்லை. திசைதான் மாறுகிறது. வெளிப்புறப் பெயின்ட், மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங், லிஃப்ட் மாற்றம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையப் பழுது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒப்பந்தம் போடுவது இப்போது நம் சங்கம். அன்று பில்டரிடம் கேள்வி கேட்டவர்கள் நாம். இன்று வேலை கொடுக்கும் உரிமையாளரும் நாமே. ஒப்பந்தத்தில் 'ஒரு வாரத் தாமதத்துக்கு இவ்வளவு ரூபாய் பிடித்தம்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். அந்த வரி எப்போது நிற்கும், எப்போது விழும் என்பதற்கு 180 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. தெரிந்துகொண்டால் நம் பராமரிப்பு நிதிக்கு நல்லது.

1838: ஒரு பீர் ஆலையும் சில தச்சர்களும்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஒரு பீர் ஆலை கட்டினார்கள். தச்சு வேலையை எடுத்த ஒப்பந்ததாரர்கள் நாலரை மாதத்தில் முடிக்க வேண்டும். தாமதமானால் வாரத்துக்கு 40 பவுண்டு பிடித்தம் என்று பேச்சு. வேலை குறித்த நாளில் முடியவில்லை. உரிமையாளர்கள் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள், வழக்கு வந்தது.

விசாரித்தால், வேலை தொடங்க இடத்தை ஒப்படைக்கவே உரிமையாளர்கள் 4 வாரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உரிமையாளர்கள் அமர்த்திய கொத்தனார்களாலும் தச்சு வேலை நின்றிருந்தது. தச்சர்களின் சொந்த ஆட்களால் ஏற்பட்ட தாமதமும் கொஞ்சம் இருந்தது. 'ஹோம் எதிர் கப்பி' என்று சட்டப் புத்தகங்களில் வரும் இந்த வழக்கில், உரிமையாளர்கள் அபராதம் பிடிக்க முடியாது என்று 1838-இல் தீர்ப்பு வந்தது. வேலையைத் தடுத்தவரே வேலை முடியவில்லை என்று அபராதம் கேட்கக் கூடாது. உரிமையாளரால் தேதி தவறினால் பழைய தேதி செத்துப்போகிறது. புதுத் தேதி ஒப்பந்தத்தில் இல்லை. ஆகவே எந்த நாளிலிருந்து அபராதம் எண்ணுவது?

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தச்சர்கள் பக்கமும் சிறிது தவறு இருந்தது. நீதிமன்றம் அதைப் பிரித்துக் கணக்குப் போடவில்லை. அபராதம் முழுவதுமாகப் போய்விட்டது.

இந்தச் சிக்கலிலிருந்து உரிமையாளர்களைக் காப்பாற்றத்தான் ஒப்பந்தங்களில் 'கால நீட்டிப்பு' என்ற பிரிவு வந்தது. கால நீட்டிப்பு ஒப்பந்ததாரருக்குக் காட்டும் சலுகை என்று நாம் நினைப்போம். உண்மையில் அது உரிமையாளருக்கான பாதுகாப்பு. நம்மால் 2 வாரம் போனால், தேதியை 2 வாரம் தள்ளி வைத்து, அதற்குப் பிறகான தாமதத்துக்கு அபராதம் கேட்கும் உரிமையை அது காப்பாற்றிக் கொடுக்கிறது.

பிரிவு இருந்தும் கைவிட்ட கதையும் அதே லிவர்பூலில் நடந்தது. நகராட்சிக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டியபோது, துணை ஒப்பந்ததாரர் போட்ட அடித்தளத் தூண்களில் குறை கண்டுபிடிக்கப்பட்டது. குறை துணை ஒப்பந்ததாரருடையதுதான். ஆனால் அதை ஆராய நிபுணரை அமர்த்துவதிலும், அவர் அறிக்கைமேல் முடிவெடுப்பதிலும் நகராட்சி மாதக்கணக்கில் காலம் கடத்தியது. வேலை 58 வாரம் நின்றது. ஒப்பந்தத்தின் கால நீட்டிப்புப் பிரிவில் நகராட்சியின் சொந்தத் தாமதத்துக்கு இடமே இல்லை. 1970-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாரக் கணக்கிலான அபராதத்தை நகராட்சி கேட்க முடியாது என்றது. உண்மையான நஷ்டத்தை நிரூபித்துக் கேட்கும் வழி மட்டுமே மிஞ்சியது.

தவறு ஒப்பந்ததாரர் தரப்பில் தொடங்கியிருக்கலாம். அதன்மேல் உட்கார்ந்து முடிவெடுக்காமல் இருந்தால் தாமதம் நம் கணக்கிலும் ஏறும். செயற்குழுக் கூட்டம் கோரம் இல்லாமல் மூன்று முறை தள்ளிப்போனதை நினைத்துப் பாருங்கள்.

பட்டைகளிலிருந்து பாதைக்கு

சரி, தேதியைத் தள்ளி வைக்கலாம். எத்தனை நாள்? யார் சொல்வது? நெடுங்காலம் கட்டடக் கலைஞர் தன் அனுபவத்தை வைத்து ஒரு எண் சொன்னார். அதற்கு மேல் கணக்குப் போடக் கருவி இல்லை.

வேலைகளைக் காலக் கோட்டில் பட்டைகளாக வரையும் பழக்கம் சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் பரவியது. போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி 1896-லேயே அதுபோன்ற ஒன்றை உருவாக்கியிருந்தார். ஆனால் அமெரிக்கர் ஹென்றி காண்ட்டின் பெயர்தான் நிலைத்தது. ஒப்பந்ததாரர்கள் இன்றும் நமக்குக் காட்டும் 'பார் சார்ட்' அதன் வாரிசு. எந்த வேலை எப்போது என்று அது காட்டும். எந்த வேலைக்காக எது காத்திருக்கிறது என்று காட்டாது.

கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தி 11 மணிக்கு. தேங்காய் துருவுவது அரை மணி தாமதமானால் பந்தி தள்ளிப்போகாது. கை சும்மா இருக்கும் இன்னொருவர் உட்கார்ந்து முடித்துவிடலாம். சமையல் கேஸ் சிலிண்டர் அரை மணி தாமதமாக வந்தால் பந்தியும் தாமதம்தான். இரண்டும் அரை மணித் தாமதங்கள், ஆனால் ஒன்றல்ல.

இந்த வித்தியாசத்தைக் கணக்காக்கியது 1957-இல். டுபான்ட் ரசாயன நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் கணித நிபுணர் ஜேம்ஸ் கெல்லியும் யூனிவாக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, தொழிற்சாலை கட்டும் வேலைகளை ஒன்றுக்கொன்று எப்படித் தொடர்புடையவை என்று வலைப்பின்னலாகப் போட்டார்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை செல்லும் பாதைகளில் மிக நீளமானதுதான் மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கிறது. அதற்கு 'கிரிட்டிக்கல் பாத்' என்று பெயர். அந்தப் பாதையில் ஒரு நாள் போனால் முடிவிலும் ஒரு நாள் போகும். மற்றப் பாதைகளில் கொஞ்சம் மிச்ச அவகாசம் இருக்கும். அது தீரும் வரை தாமதம் முடிவைத் தொடாது. அடுத்த ஆண்டு, 1958-இல், அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' என்ற இதையொத்த முறையை உருவாக்கியது. 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் ஃபோண்டால், கம்ப்யூட்டர் இல்லாமல் கையாலேயே இதைப் போடும் வழியைக் கட்டடத் துறைக்கு எழுதிக் கொடுத்தார்.

திட்டமிடப் பிறந்த இந்த முறை சீக்கிரமே வழக்காடவும் பயன்பட்டது. அமெரிக்க அரசு ஒப்பந்தத் தகராறுகளில் 1960, 70-களிலேயே கிரிட்டிக்கல் பாத் சாட்சியம் சொல்ல வந்துவிட்டது. 1980-களில் மேசைக் கம்ப்யூட்டரும், 1983-இல் தொடங்கிய பிரைமவேரா போன்ற நிறுவனங்களின் மென்பொருளும் வந்தபின், இரு தரப்பும் ஆளுக்கொரு வரைபடத்தோடு வரத் தொடங்கினார்கள். உண்மை ஒன்று; வரைபடம் இரண்டு. எப்படி?

ஒரு லிஃப்ட், நான்கு வாரம், பல பதில்கள்

ஒரு கற்பனை வளாகத்தில் பழைய லிஃப்ட்டை மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திட்டம் இது. லிஃப்ட் கம்பெனி ஆர்டர் எடுத்து, தயாரித்து, கொண்டுவந்து இறக்க 10 வாரம். அதே நேரத்தில் பழைய லிஃப்ட்டைக் கழற்ற 1 வாரம், குழியில் கொத்தனார் வேலைக்கு 3 வாரம்; ஆக 4 வாரம். லிஃப்ட்டும் வந்து, குழியும் தயாரான பிறகு பொருத்த 4 வாரம். ஆய்வுக்கும் உரிமத்துக்கும் 2 வாரம். மொத்தம் 16 வாரம். லிஃப்ட் வருவதுதான் கிரிட்டிக்கல் பாத். கொத்தனார் வேலைக்கு 6 வார மிச்ச அவகாசம் இருக்கிறது. தாமதமானால் வாரத்துக்கு 25,000 ரூபாய் பிடித்தம்.

நடந்தது வேறு. குழியில் நீர்க்கசிவு தெரிந்தது. அதை எப்படிச் சரிசெய்வது என்று முடிவெடுக்கச் சங்கம் 8 வாரம் எடுத்துக்கொண்டது. அதனால் கொத்தனார் வேலை 4-ஆம் வாரத்துக்குப் பதில் 12-ஆம் வாரக் கடைசியில் முடிந்தது. லிஃப்ட்டோ 10-ஆம் வாரத்துக்குப் பதில் 14-ஆம் வாரக் கடைசியில் வந்தது. வேலை 20 வாரத்தில் முடிந்தது. 4 வாரத் தாமதம். யார் கணக்கில்?

முதல் முறை, திட்டத்துக்குள் தாமதத்தை நுழைத்துப் பார்ப்பது. பழைய 16 வார அட்டவணையில் சங்கத்தின் 8 வாரத்தை மட்டும் சேருங்கள். குழி 12-ஆம் வாரம் தயாராகும். வேலை 18-இல் முடியும். சங்கத்தால் 2 வாரம் என்று விடை. லிஃப்ட் கம்பெனிக்கு இந்த முறை பிடிக்கும். பாதி அபராதம், அதாவது 50,000 ரூபாய் போய்விடுகிறதே!

இரண்டாவது முறை, நடந்ததிலிருந்து தாமதத்தைக் கழித்துப் பார்ப்பது. 20 வார உண்மை அட்டவணையிலிருந்து சங்கத்தின் 8 வாரத்தை எடுத்துவிடுங்கள். குழி 4-ஆம் வாரமே தயார். ஆனாலும் லிஃப்ட் 14-ஆம் வாரம்தான் வருகிறது. வேலை அதே 20 வாரத்தில்தான் முடிகிறது. சங்கத்தால் ஒரு நாளும் இல்லை. முழு 1 லட்சமும் கம்பெனி தர வேண்டும். சங்கத்துக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

மூன்றாவது முறை, காலத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் 'இன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் வேலை எப்போது முடியும்?' என்று கேட்டுக்கொண்டே போவது. இங்கேதான் சுவாரசியம். லிஃப்ட் 14-ஆம் வாரம்தான் வரும் என்று கம்பெனி எப்போது எழுதியது?

6-ஆம் வாரக் கடைசியில் எழுதியிருந்தால், அதுவரை சங்கம் வீணாக்கியது 5 வாரம். மிச்ச அவகாசம் 6 வாரம் இருந்ததால் முடிவு அசையவில்லை. கம்பெனியின் கடிதம் முடிவை ஒரேயடியாக 4 வாரம் தள்ளுகிறது. அதற்குப் பிறகு சங்கம் எடுத்த 3 வாரம் எதையும் மாற்றவில்லை. நான்கு வாரமும் கம்பெனி கணக்கில்.

கம்பெனி வாயே திறக்காமல் இருந்து, 10-ஆம் வாரக் கடைசியில்தான் சொன்னது என்றால்? சங்கம் முடிவெடுத்த 9-ஆம் வாரக் கடைசியில், எல்லோருக்கும் தெரிந்தபடி லிஃப்ட் அடுத்த வாரம் வர வேண்டும். குழியோ 12-ஆம் வாரம்தான் தயாராகும். முடிவு 2 வாரம் தள்ளிவிட்டது. அது சங்கத்தின் கணக்கு. அடுத்த வாரம் கம்பெனி இன்னும் 2 வாரம் தள்ளுகிறது. ஆளுக்குப் பாதி.

செங்கல், சிமெண்ட், மனிதர்கள், நாட்கள் எதுவும் மாறவில்லை. ஒரு கடிதத்தின் தேதி மாறியதும் 50,000 ரூபாய் கை மாறுகிறது. ஆலையில் வேலை எந்த நிலையில் இருந்தது என்பதற்கு வேறு ஆதாரம் இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். ஆதாரம் இல்லாவிட்டால் கடிதம்தான் பேசும்.

நீதிமன்றங்கள் கற்றுக்கொண்டது

இந்தக் குழப்பத்தில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் படிப்படியாகத் தெளிந்தன. 1996-இல் லண்டனில் ஒரு ஹோட்டல் புதுப்பிப்பு வழக்கில், கட்டடக் கலைஞர் மனதுக்குப் பட்டபடி நாட்களைக் கொடுத்திருந்தார். முறையாகக் கணக்கிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அனுபவசாலி சொன்னால் போதும் என்ற காலம் அதோடு முடிந்தது.

1999-இல் மான்செஸ்டர் ஹோட்டல் வழக்கு ஒன்றில், இரு தரப்புத் தாமதமும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட கொள்கையை நீதிபதி டைசன் ஒரு உதாரணத்தோடு பதிவு செய்தார். அசாதாரண மழையால் ஒரு வாரம் வேலை நடக்கவில்லை; அதே வாரத்தில் ஒப்பந்ததாரரிடம் ஆளும் இல்லை. மழைக்குக் கால நீட்டிப்பு உண்டு என்று ஒப்பந்தம் சொன்னால், ஆள் இல்லாததைக் காட்டி அதை மறுக்க முடியாது. நாட்கள் கிடைக்கும். ஆனால் அந்த வாரத்துக்கான கூடுதல் செலவைக் கேட்பது வேறு விஷயம். அது பொதுவாகக் கிடைக்காது. ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. பிரிஸ்டல் நகர ஹோட்டல் ஒன்றைப் பற்றிய வழக்கில், 2007-இலும் மேல்முறையீட்டில் 2010-இலும், அங்குள்ள நீதிமன்றம் தாமதத்தை இரு தரப்புக்கும் நியாயமாகப் பங்கிட்டு, ஒப்பந்ததாரருக்கு 9 வாரம் கொடுத்தது. அதே வழக்கில் நீதிபதி ஓர் எச்சரிக்கையும் விட்டார்: கம்ப்யூட்டர் கணக்கில் உள்ளே போடும் தகவலில் ஒரு பெரிய பிழை இருந்தால் முழுக் கணக்கும் கெட்டுவிடும்.

2005-இல் லண்டன் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல் வழக்கில், நமது முதல் முறையை ஒப்பந்ததாரர் தரப்பு கொண்டுவந்தது. உண்மையில் தளத்தில் நடந்ததைக் கணக்கில் எடுக்காமல், காகிதத் திட்டத்தை மட்டும் வைத்து வரும் விடை கற்பனை என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இதற்கிடையில் லண்டனில் உள்ள கட்டுமானச் சட்டச் சங்கம் 2002-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பு ஆறு முறைகளை விவரிக்கிறது. நாம் பார்த்த மூன்றும் அவற்றில் உண்டு. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.ஏ.சி.இ. என்ற செலவுப் பொறியாளர் அமைப்பு 2007-இல் ஒரு பட்டியல் வெளியிட்டது; அதன் வகைப்பாட்டில் ஒன்பது முறைகள். முதல் பதிப்பில் ஒரு முறைக்குத் தனி இடம் கொடுத்த லண்டன் வழிகாட்டி, இரண்டாம் பதிப்பில் அதைத் தளர்த்தியது. கையில் என்ன ஆவணம் இருக்கிறது, ஒப்பந்தம் என்ன சொல்கிறது, தகராறு எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள் என்றது. பெரிய வேலைக்கு ஆகும் ஆராய்ச்சிச் செலவைச் சின்ன வேலைக்குச் செய்யாதீர்கள் என்பதும் அதில் அடக்கம்.

கடைசியாக ஆஸ்திரேலியா. 2019-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு வீட்டுமனைத் திட்டம், கழிவுநீர்க் குழாய் வடிவமைப்புத் தாமதத்தால் எவ்வளவு தள்ளிப்போனது என்ற வழக்கு. இரு தரப்பு நிபுணர்களும் அந்த வழிகாட்டியிலிருந்து ஆளுக்கொரு முறையை எடுத்து வந்தார்கள். விடைகள் பொருந்தவே இல்லை. நீதிபதி இரண்டையும் ஒதுக்கினார். வழிகாட்டியில் இருப்பதாலேயே ஒரு முறை சட்டமாகிவிடாது. தளத்தில் உண்மையில் என்ன நடந்தது, எது எதை நிறுத்தியது என்று நிரூபியுங்கள் என்றார். அதற்குச் சிறந்த சாட்சியாக அவர் பார்த்தது தளத்தில் அன்றாடம் எழுதப்பட்ட நாட்குறிப்பை.

ஏவுகணைத் திட்டம், யூனிவாக், மென்பொருள் என்று அறுபது ஆண்டுகள் சுற்றி, விஷயம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வந்து நின்றது. முறைகள் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். எழுதி வைக்காத நாட்களை எந்த முறையாலும் மீட்டெடுக்க முடியாது.

வீடு வாங்கியவர் இந்தக் கணக்கைப் போட வேண்டாம்

இந்தியாவில் வீடு வாங்குபவருக்கு ஒரு காலத்தில் இந்தக் கணக்கே எட்டாத தூரத்தில் இருந்தது. ஒப்பந்தத்தை பில்டரே எழுதினார். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பார்த்த ஒரு ஒப்பந்தத்தில், வாங்குபவர் தவணை தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பில்டர் தாமதித்தால் 9 சதவீதம். இப்படி ஒருதலைப்பட்சமான பிரிவுகள் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது.

2016-இல் நிறைவேறிய ரெரா சட்டம் இந்தச் சிக்கலை ஒரே வெட்டில் தீர்த்தது. பிரிவு 18-இன்படி, ஒப்பந்தத் தேதியில் வீடு வராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அல்லது வீடு வரும்வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி கேட்கலாம். கொத்தனார் வரவில்லை, கம்பி விலை ஏறிவிட்டது என்பதெல்லாம் பில்டருக்கும் அவருடைய ஒப்பந்ததாரருக்கும் உள்ள வழக்கு. பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை எந்த நிபந்தனைக்கும் உட்பட்டதல்ல என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

திட்டப் பதிவை நீட்டிக்கப் பிரிவு 6 சில காரணங்களை ஏற்கிறது: போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்ற இயற்கைப் பேரிடர். 2020 மே மாதம், கோவிட் ஊரடங்கையும் அவ்வாறே கருதி, 2020 மார்ச் 25 அல்லது அதற்குப் பின் முடிய வேண்டிய பதிவுபெற்ற திட்டங்களுக்கு 6 மாதம் நீட்டிக்க மத்திய அமைச்சகம் அறிவுரை வழங்கியது. அந்தத் தேதியைக் கவனியுங்கள். 2018 டிசம்பரில் சாவி தந்திருக்க வேண்டிய வீட்டுக்கு 2020 ஊரடங்கு காரணமாகாது. காரணம் உண்மையா என்று மட்டும் கேட்டால் போதாது, அது வந்தபோது வேலை எந்த நிலையில் இருந்தது என்றும் கேட்க வேண்டும் என்ற பழைய பாடம்தான் இங்கும்.

சங்கம் போட வேண்டிய கணக்கு

சங்கம் வேலை கொடுக்கும்போது ரெரா உதவிக்கு வராது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் வரும். அதன் பிரிவு 74, அபராதத் தொகையை உச்சவரம்பாகத்தான் பார்க்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். கால நீட்டிப்பும் வார அபராதமும் ஒப்பந்தத்தில் இருந்தால், பொதுவாகத் தேதியே ஒப்பந்தத்தின் உயிர் என்று சொல்ல முடியாது என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர அரசு தொடர்பான ஒரு வழக்கில் கூறியது. பிரிவு 55-இல் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. தேதி முக்கியமான ஒப்பந்தத்தில், தேதி தவறிய வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே 'இழப்பீடு கேட்கும் எண்ணம் உண்டு' என்று அறிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. லிஃப்ட் ஓடத் தொடங்கிய மகிழ்ச்சியில் நன்றிக் கடிதம் மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு பில்லில் கழிக்கப் பார்த்தால் தகராறுதான்.

ஆகவே அடுத்த முறை வேலை கொடுக்கும்போது நம் சங்கம் செய்யக்கூடியவை சில உண்டு. இவற்றுக்கு வக்கீலும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் அபராதப் பிரிவு எழுதும்போதே கால நீட்டிப்புப் பிரிவும் எழுதுங்கள். அதில் 'சங்கத்தால் ஏற்படும் தாமதம்' என்ற சொற்கள் வெளிப்படையாக இருக்கட்டும். லிவர்பூல் நகராட்சி விட்ட சொற்கள் அவை.

பட்டை வரைபடம் மட்டும் வாங்காதீர்கள். எந்த வேலைக்காக எது காத்திருக்கும் என்று ஒப்பந்ததாரரிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். கிரிட்டிக்கல் பாத்தில் சங்கம் எடுக்க வேண்டிய முடிவு ஏதும் இருந்தால், அதற்குச் செயற்குழு கூடும் தேதியை முன்கூட்டியே குறியுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் சொன்னதைத் தாமத அறிவிப்பாக நம்பாதீர்கள். அதே நாள் மாலையில் மின்னஞ்சலாக அனுப்புங்கள். ஒப்பந்ததாரரும் தாமதம் தெரிந்த ஒரு வாரத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். 6-ஆம் வாரக் கடிதமும் 10-ஆம் வாரக் கடிதமும் எவ்வளவு வேறுபட்டவை என்று பார்த்தோமே.

செக்யூரிட்டி அறையில் ஒரு வேலைப் பதிவேடு வையுங்கள். எத்தனை ஆட்கள் வந்தார்கள், என்ன பொருள் இறங்கியது, மழையா, மின்சாரம் இருந்ததா, வேலை நின்றதென்றால் எதனால் என்று தினம் ஐந்து வரிகள். ஒப்பந்ததாரரின் மேஸ்திரியும் கையெழுத்திடட்டும். நம் தவறால் நின்ற நாளையும் மறைக்காமல் எழுதுங்கள். நமக்குச் சாதகமானதை மட்டும் எழுதிய பதிவேட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

இதில் ஒப்பந்ததாரர்மேல் வஞ்சம் எதுவும் இல்லை. நியாயமான ஒப்பந்ததாரருக்கும் இதே பதிவேடுதான் பாதுகாப்பு. நம் கூட்டம் தள்ளிப்போனதற்காக அவர் பில்லில் பணம் பிடிக்கப்படாது. பணம் பிடிப்பதைவிட முக்கியமான பலன் ஒன்றும் உண்டு. 6-ஆம் வாரத்திலேயே 'முடிவு இப்போது எந்தப் பாதையில் இருக்கிறது?' என்று கேட்கும் சங்கத்துக்கு, 16 வார வேலை 20 வாரமாவதைத் தடுக்க இன்னும் நேரம் இருக்கும். நான்காம் மாடியிலிருந்து படியிறங்க முடியாத பெரியவர்களுக்கு அந்த நான்கு வாரம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும்.